'லோபோதோமியா' கரகரப்பு: ரீஇஷ்யூ தட்டில் குறையா, பாட்டே அப்படியா?

ஊசிமுனை: இத்தாலிய ராக் குழு ஏரியாவின் 'காஷன் ரேடியேஷன் ஏரியா' ஆல்பத்தின் ரீஇஷ்யூ (மறுபடி வெளியிட்ட வினைல் தட்டு) பற்றி காந்தநாடா எழுதியிருப்பது: "பி பக்கக் கடைசியில் ஒரே கரகரப்பு, பிரஸ்ஸிங் (தட்டு அச்சடிப்பு) குறை, யாரும் வாங்காதீங்க." ஐயா, அந்தக் கடைசிப் பாட்டுக்குப் பேர் 'லோபோதோமியா'. கேட்கிறவன் காதைக் குடையணும்னே சிந்தசைசரை வைத்துச் செய்தது. 1974-இல் மிலானில் கிராம்ப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மூலத் தட்டிலும் இதே கரகரப்புதான்.

காந்தநாடா: லோபோதோமியா இரைச்சல்னு தெரியாமலா எழுதுவேன்? அது வேறு, கரகரப்பு வேறு. சிந்தசைசருக்கு மேலே தனியா ஒரு அரைச்சல் கேட்குது. இடது சேனலில் அதிகம்.

ஊசிமுனை: தட்டுக் குறைன்னா அதுக்குன்னு அடையாளம் இருக்கு. 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 வினாடி. கீறலோ மேடோ இருந்தா 'டக்' சத்தம் 1.8 வினாடிக்கு ஒருமுறை வரும். துளை மையம் தப்பியிருந்தா ஃபாரிசெல்லியின் நீண்ட கீபோர்டு சுரம் அதே கணக்கில் ஏறி இறங்கும். இதில் எது கேட்டுச்சு?

காந்தநாடா: இது விட்டு விட்டு வரலை, தொடர்ச்சியா வருது. 180 கிராம் தட்டு ஆற நேரமாகும். அவசரமா எடுத்தா வினைல் க்ரூவில் (ஊசி ஓடும் பள்ளத்தில்) முழுசா நிரம்பாது, சர்ர்னு கிழிக்கும். கரகரப்பு அதுதான்.

எட்டணா: முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்க. இது மூல டேப்பிலிருந்து புதுசா க்ரூவ் வெட்டினதா, டிஜிட்டல் கோப்பிலிருந்தா, பழைய ஸ்டாம்பரில் (தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சில்) அடிச்சதா? மூன்றையும் 'ரீஇஷ்யூ'ன்னே சொன்னா எப்படி?

ஊசிமுனை: இடது சேனலில் அதிகம்னு நீங்களே சொல்லிட்டீங்க, நன்றி. க்ரூவின் உள்சுவர் இடது, வெளிச்சுவர் வலது. ஆன்ட்டி-ஸ்கேட் (ஊசிக்கையை வெளிப்பக்கம் இழுக்கும் விசை) கூடினா கை வெளியே இழுபட்டு, உள்சுவரில் பிடி விட்டு, இடதுதான் கிழியும். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 51 செ.மீ. ஓடும் க்ரூவ், உள்ளே 60 மி.மீ. ஆரத்தில் 21 செ.மீ.தான். உச்ச சுருதி ஒலியின் அலைகள் நெருங்கிப்போகிற அந்த இடத்தில் லோபோதோமியா. கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய தலையை) தட்டின் மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. புள்ளிகளில் நேராக்கிட்டு வந்து பேசுங்க.

காந்தநாடா: என் கார்ட்ரிட்ஜ் ஏடி-விஎம்95இ, ஊசி அழுத்தம் 2 கிராம், அந்த இரண்டு புள்ளியிலும் நேர். எனக்குப் பாடம் வேண்டாம். ஆல்பமே 35 நிமிஷத்துக்குள் முடியுது, பக்கத்துக்கு 20 கூட இல்லை. அதை ஏன் 60 மி.மீ. வரைக்கும் வெட்டப் போறான்? கரகரப்பு தட்டில்தான்.

மிலான்மணி: கரகரப்பை விடுங்கப்பா. ஏரியாவின் முதல் ஆல்பம், 1973 'அர்பைட் மாக்ட் ஃப்ரை' உறைக்குள் அட்டைத் துப்பாக்கி வைத்தாங்களே, அது இல்லாமல் வருவதெல்லாம் ஒரு ரீஇஷ்யூவா?

ஊசிமுனை: துப்பாக்கியை டர்ன்டேபிளில் வைத்தா பாடாது மணி.

மிலான்மணி: உறையும் சேர்ந்ததுதான் ஏரியா. உறையை வடிவமைத்த ஜான்னி சாஸ்ஸி சும்மா அட்டை வெட்டினவர்னு நினைப்பா?

ஊசிமுனை: இன்னொரு விஷயம். இந்தத் தட்டில் பாஸ் வாசித்தது ஜீவாஸ்னு எழுதினவர்தானே காந்தநாடா? அவர் முதல் ஆல்பத்தோடு பிஎஃப்எம் குழுவுக்குப் போயாச்சு. இதில் ஆரெஸ் தவோலாத்ஸி. பாஸ் யாருன்னே தெரியாத காதுக்கு மட்டும் கரகரப்பு தெரியுதாம்!

காந்தநாடா: அந்தப் பழைய கணக்கை எத்தனை தடவை எடுப்பீங்க? ஜீவாஸா வந்து ஸ்டாம்பரை அழுத்தினார்? தேய்ந்த ஸ்டாம்பர். அவ்வளவுதான்.

எட்டணா: எதிலிருந்து வெட்டினதுன்னு இன்னும் யாரும் சொல்லலை.

ஊசிமுனை: சுலபமான சோதனை. சிடியில் லோபோதோமியாவை எடுங்க, தட்டை 24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்க, ஒலி அளவைச் சமமாக்கி மாறி மாறிக் கேளுங்க. சிடியிலும் அதே அரைச்சல் இருந்தா அது டேப்பில் உள்ளது. சிடி இந்த வினைல் ஸ்டாம்பரில் அடிச்சதில்லை பாருங்க.

காந்தநாடா: சிடியையும் அதே கெட்ட மாஸ்டரிலிருந்து எடுத்திருந்தா?

ஊசிமுனை: ஓஹோ, இப்போ மாஸ்டர் கெட்டதா? ஸ்டாம்பர் எங்கே போச்சு? அடுத்து ஏரியாவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ் ஒரே தொண்டையில் இரண்டு சுரம் பாடுவதற்கும் பணத்தைத் திருப்பிக் கேளுங்க. 1976 ஆல்பம் 'மாலெதெத்தி'யில் ஸ்டீவ் லேஸியின் சாக்ஸ் கீச்சிடும், அதுவும் பிரஸ்ஸிங் குறைதானே?

காந்தநாடா: லேஸியை எதுக்கு இழுக்கறீங்க? பி பக்கம், கடைசிப் பாட்டு, இடது சேனல். அதுக்கு இன்னும் பதில் வரலை.

மிலான்மணி: துப்பாக்கிக்கும்தான்.