காயம் + கிரெடிட் ஹயர் வழக்கு: தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு என் தலையிலா?

ஈஸ்ட்ஹாம் டிரைவர்:
லண்டனில் மினிகேப் ஓட்டுகிறேன். ரவுண்டபவுட்டில் ஒரு வேன் பக்கவாட்டில் இடித்தது. தப்பு என்னுடையது என்று அவர்கள் சாதிக்கிறார்கள். கழுத்து வலி சில வாரங்களில் சரியாகிவிட்டது. என் வண்டி கராஜில் கிடந்தபோது ஒரு நிறுவனம் கிரெடிட் ஹயரில், அதாவது வாடகையை அப்போது கட்டாமல் பிறகு எதிர்த்தரப்பிடம் கேட்கும் முறையில், கார் தந்தது. "உங்களுக்கு ஒரு பென்னி செலவில்லை" என்று போனிலேயே கையெழுத்து வாங்கினார்கள். இப்போது பில் 17,000 பவுண்ட். காயம், வாடகை இரண்டும் சேர்த்து என் பெயரில் வழக்கு. தாங்கள் வென்றால் வழக்குச் செலவை என்னிடம் வசூலிப்போம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுதியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

குரோய்டன் தம்பி:
பயப்படாதீங்க அண்ணா. காய வழக்கில் தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவைக் கட்டத் தேவையில்லை. 2013 ஏப்ரலில் இருந்தே அப்படித்தான்.

ஹாரோ அக்கா (சொலிசிட்டர் அலுவலகத்தில் வேலை):
தம்பி சொல்வது பாதிதான் சரி. அந்தப் பாதுகாப்பு, அதாவது கியூஓசிஎஸ், காயத்துக்கானது. கூடவே வேறு கோரிக்கையும் இருந்தால், சிவில் வழக்கு நடைமுறை விதி 44.16-இன்படி நீதிபதி அதை விலக்கலாம். மொத்தத்தில் பார்த்தால் காய வழக்குதான் என்றால் பெரும்பாலும் காப்பாற்றுவார்கள். 2019-இல் பிரவுன் வழக்கில் அப்பீல் கோர்ட் சொன்னது இது. உங்களுக்குக் கழுத்துக்குச் சில நூறு பவுண்ட், வாடகைக்கு 17,000. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் வாடகைப் பணம் போய்ச் சேருவது நிறுவனத்துக்கு. விதியோடு வரும் நடைமுறைக் குறிப்பே, பிறர் லாபத்துக்கான கோரிக்கைக்குக் கிரெடிட் ஹயரை உதாரணமாகக் காட்டுகிறது. அந்தப் பகுதியின் செலவை வழக்கமாக அந்த நிறுவனத்தின் மீதுதான் போடுவார்கள். உங்களிடம் வசூலிக்க விடுவது விதிவிலக்கு.

எனக்குப் பெரிய கவலை வேறு. நீங்கள் டாக்சிக்காரர். 2019 உசைன் தீர்ப்பின்படி, தொழில் வண்டிக்கு நஷ்டம் என்பது பொதுவாக அந்த நாட்களில் போன லாபம்தான். வாடகை அதைவிட மிக அதிகம் என்றால் வெட்டு விழும். மாற்று வண்டி எடுக்கக் கையில் காசில்லை என்று காட்டினால், அல்லது வீட்டுத் தேவைக்கும் அதே வண்டிதான் என்றால், வாதாட இடம் உண்டு. விபத்துக்கு முந்தைய மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள்.

ஈஸ்ட்ஹாம் டிரைவர்:
நன்றி அக்கா. சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போவதும் அந்த வண்டியில்தான். இதைச் சொல்லலாமா?

ஹாரோ அக்கா:
கட்டாயம் வாக்குமூலத்தில் எழுதுங்கள், உள்ளது உள்ளபடி. கூட்டிச் சொல்லி அது அடிப்படை நேர்மையின்மை என்று தீர்ப்பானால் மொத்தப் பாதுகாப்பும் போய்விடும். அப்புறம், சொலிசிட்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்: தோற்றால் எதிர்த்தரப்புச் செலவைக் கட்டும் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, அது வாடகைப் பகுதிக்கும் செல்லுமா? வசூலாகாத வாடகையை யார் கட்டுவது? பின்னதற்குப் பதில் நீங்கள் போனில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கும். வழக்குக்கு ஒத்துழைக்காவிட்டால் பில் உங்களுடையது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி உண்டு. அதனால் அவர்கள் கடிதங்களுக்குப் பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.