ஒரே பெயர், மூன்று டின்: 965 கலவையில் உண்மையில் என்ன மாறியது?

கேள்வி: கருவேலம்

"மை மிக்ஸ்சர் 965" என்ற பைப் புகையிலைக் கலவை மூன்று டின் விலைக்கு வந்திருக்கிறது. முதலாவது டன்ஹில் பெயரில், பெல்ஃபாஸ்டில் செய்த காலத்தது என்கிறார் விற்பவர். இரண்டாவதும் டன்ஹில்தான், ஆனால் டென்மார்க் என்று அச்சிட்டிருக்கிறது. மூன்றாவது பீட்டர்சன் பெயரில் புதியது. மூன்றும் 50 கிராம். முதல் டின்னுக்கு மூன்றாவதைப் போல ஆறு மடங்கு விலை கேட்கிறார். "செய்முறை மாறவே இல்லை" என்பதும் அவர் வாக்கு. மாறவில்லை என்றால் ஆறு மடங்கு எதற்கு?

இன்னொன்று. அமெரிக்காவில் 2009க்குப் பிறகு பைப் புகையிலை விற்பனை செங்குத்தாக ஏறியதாக ஒரு வரைபடம் பார்த்தேன். கடைகளும் கம்பெனிகளும் மூடுவதாகத்தானே படிக்கிறோம். எது சரி?

பதில்: சுங்கான்

முதலில் அந்த எண்ணின் கதை. ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தார். வாடிக்கையாளர் கேட்டபடி இலை கலந்து கொடுத்து, அந்தக் கலவையை ஓர் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைப்பது அந்தக் கடையின் வழக்கம். 965 அப்படி வந்த எண். வர்ஜீனியா, லடாக்கியா, மாசிடோனியா பக்கத்து ஓரியண்டல் இலை, கொஞ்சம் பழுப்புக் காவெண்டிஷ் (அழுத்திப் பதப்படுத்திய இலை), இவ்வளவுதான் கலவை.

செய்த இடங்கள் மாறியது இப்படி: 1981இல் வேலை பெல்ஃபாஸ்டின் மர்ரேஸ் ஆலைக்குப் போனது. 2005இல் அங்கிருந்து டென்மார்க்கின் ஆர்லிக் ஆலைக்கு. பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ கையில் இருந்த டன்ஹில் பெயர் 2018 வாக்கில் பைப் புகையிலையை விட்டே விலகியது. 2019இல் அதே கலவைகள் பீட்டர்சன் பெயரில் திரும்ப வந்தன, செய்வது அதே டென்மார்க்கில்தான். ஏர்லி மார்னிங் பைப், நைட்கேப், 965 எல்லாம் அப்படித்தான்.

ஆக, உங்கள் இரண்டாவது டின்னும் மூன்றாவது டின்னும் கிட்டத்தட்ட ஒரே கை. ஒட்டிய தாள்தான் வேறு. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆலையே மாறியிருக்கிறது. விலை வித்தியாசத்துக்கு வேர் அங்கேதான். வெள்ளைப் புள்ளி போட்ட டன்ஹில் பைப்புகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயருக்கு உரிமைக்காரர் வேறு, புகையிலைக்கு வேறு.

பதில்: பெரீக்

"செய்முறை மாறவில்லை" என்பதை நம்பலாம், ஆனால் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. செய்முறை என்பது விகிதம். இலை மாறினால் விகிதம் அப்படியே இருந்தும் சுவை மாறும்.

லடாக்கியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தனியொரு செடி இல்லை. ஓரியண்டல் வகை இலையைக் கூரையில் தொங்கவிட்டு, கீழே மரமும் வாசனைச் செடிகளும் மூட்டம் போட்டு, வாரக்கணக்கில் புகையில் பாடம் செய்த இலை. பெயர் சிரியாவின் துறைமுக ஊரிலிருந்து வந்தது. ஆனால் மூட்டத்துக்கு ஏகப்பட்ட விறகு வேண்டும். காடு குறையக் குறைய அங்கே உற்பத்தியும் ஒடுங்கி, வியாபாரம் சைப்ரஸ் பக்கம் சாய்ந்தது. இரண்டும் ஒரே பெயரில் விற்றாலும் மூக்குக்கு ஒன்றல்ல: சிரிய இலையில் மெல்லிய புளிப்பும் வைன் போன்ற வாசனையும் இருக்கும், சைப்ரஸ் இலை தோலும் கரியும் கலந்த மாதிரி கனமாக, இனிப்பாக இருக்கும். சிரியாவை நம்பியிருந்த கலவைகளைச் சைப்ரஸ் இலை போட்டு அதே பெயரில் விற்றால் பழைய ஆட்களுக்கு அது வேறு சரக்குதான்.

சிவப்பு வர்ஜீனியாவும் அதே கதை. கான்சஸ் சிட்டியின் மெக்லெலண்ட் கம்பெனி 2018இல் மூடியது. வாங்க ஆள் இல்லாமல் அல்ல. அவர்களுக்கு வேண்டிய தரத்தில் இலை கிடைக்காததால் மூடினார்கள். அந்த டின்னைத் திறந்ததும் தக்காளி சாஸ் மாதிரி ஒரு புளிப்பு நெடி குப்பென்று வரும். கெட்டுவிட்டது என்று பயந்து தூக்கிப் போட்டவர்கள் உண்டு. காற்றுப் பட்டால் அது அடங்கிவிடும்.

இலை வியாபாரத்தை நடத்துவது சிகரெட், பைப் அல்ல. சிகரெட்டுக்குத் தேவையில்லாத இலையைச் சிறிய அளவில் விளைவித்துக் கொடுக்க விவசாயிக்கு என்ன ஆதாயம்? அமெரிக்காவில் லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துப் பெரீக் புகையிலை ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணும் வயல்களில் நின்றதும் இதனால்தான். அதைச் செய்யும் முறை நம் ஊறுகாய் போடுவது போல: விஸ்கி பீப்பாயில் இலையைத் திணித்து, மேலே திருகுக் கட்டையால் அழுத்தி, அதன் சாற்றிலேயே ஊற வைப்பார்கள். இடையில் பிரித்துக் காற்றாட விட்டு மறுபடி அழுத்துவார்கள். முடிய ஏறக்குறைய ஒரு வருடம். இவ்வளவு பாடும் ஒரு கலவையில் சிட்டிகை அளவுக்கு.

பதில்: பழையடின்

பெரீக் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மர்ரேஸ் காலத்துச் சரக்கைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். பெல்ஃபாஸ்ட் டின் குறைந்தது 20 வருடம் அடைபட்டுக் கிடந்தது. வர்ஜீனியா இலையில் உள்ள சர்க்கரை மூடிய டின்னுக்குள் மெதுவாக மாறி, கூர்மை போய்ச் சாறு ஏறும். லடாக்கியா நேர் எதிர், வருடம் போகப் போகப் புகைநெடி மங்கும். அதனால் நீங்கள் இன்று ஒப்பிடப் போவது மர்ரேஸையும் டென்மார்க்கையும் அல்ல, 20 வருடப் பழமையையும் புதுச் சரக்கையும். பெல்ஃபாஸ்ட் ஆலை வாசலில் அன்று வாங்கியவர் குடித்த சுவை அந்த டின்னில் இப்போது இல்லை.

பதில்: கணக்குப்பிள்ளை

வரைபடத்துக்கு வருகிறேன். எண்கள் பொய்யில்லை, ஆனால் அது பைப் பிடிப்பவர்களின் எண்ணிக்கை அல்ல.

2009 ஏப்ரல் 1 வரை அமெரிக்காவில் பைப் புகையிலைக்கும் கையால் சுருட்டும் சிகரெட் தூளுக்கும் கூட்டரசு வரி ஒன்றேதான்: பவுண்டுக்கு 1.0969 டாலர். அன்று சட்டம் மாறி, சுருட்டும் தூளுக்கு 24.78 டாலர், பைப் புகையிலைக்கு 2.8311 டாலர் என்றானது. 50 கிராமுக்குக் கணக்கிட்டால் ஒன்றுக்கு 2.73 டாலர், மற்றொன்றுக்கு 31 சென்ட். எது பைப் புகையிலை என்பதைச் சட்டம் தோற்றம், வகை, பொட்டலம், லேபிள் இவற்றைக் கொண்டுதான் வரையறுத்தது. ஈர அளவோ வெட்டின் அகலமோ அதில் இல்லை. நேற்றுவரை சிகரெட் தூள் என்று விற்ற பெரிய பை மறுநாள் "பைப் புகையிலை" என்ற லேபிளோடு கடைக்கு வந்தது. வரைபடத்தில் செங்குத்தாக நிற்பது அந்தப் பைகள். கடையில் கண்டுபிடிப்பது சுலபம்: கிலோக்கணக்கில் மலிவான பை, நூல் போல மெல்லிய வெட்டு, தொட்டால் உலர்ந்த இலை என்றால் அது சிகரெட்டுக்கானது. பைப்பில் போட்டால் சுர்ரென்று எரிந்து நாக்கைச் சுடும்.

உண்மையான பைப் சந்தையை அதிகம் ஆட்டியது 2016 ஆகஸ்ட் 8. அன்றிலிருந்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கட்டுப்பாடு பைப் புகையிலைக்கும் வந்தது. 2007 பிப்ரவரி 15 அன்று சந்தையில் இருந்த சரக்குக்கு விலக்கு. அதற்குப் பின் வந்தவை விண்ணப்பம் போட வேண்டும், புதிதாக வருவது அனுமதி வாங்க வேண்டும். கெடு நாளுக்கு முன்னால் கம்பெனிகள் புதுக் கலவைகளை அவசரமாகச் சந்தையில் இறக்கியது அதனால்தான். எனக்கு இதில் பெரிய வருத்தம் மூலைக்கடைகளைப் பற்றி. கடைக்காரர் இரண்டு ஜாடியிலிருந்து அள்ளிக் கலந்து தன் பெயரில் விற்றால் அவரும் சட்டத்தின் கண்ணில் "உற்பத்தியாளர்" ஆகிவிடுகிறார். 965 பிறந்ததே அப்படி ஒரு கவுண்டரில்.

கூடவே ஆலைகள் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. ஸ்காண்டிநேவியன் டுபாக்கோ குரூப் 2011இல் லேன் கம்பெனியை வாங்கியது, 2024இல் மாக் பாரனையும் வாங்கியது. மாக் பாரனோடு அமெரிக்காவின் ரிச்மண்டில் இருந்த சட்லிஃப் ஆலையும் வந்து, பிறகு அது மூடப்பட்டது. இங்கிலாந்தின் கெண்டலில் இருந்த இரண்டு காவித் கம்பெனிகளும் 2015இல் இணைந்தன.

கருவேலம்

நன்றி, தெளிவாகிவிட்டது. பெல்ஃபாஸ்ட் டின்னைப் பிரிக்காமலே உள்ளே சரக்கு நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பிரித்தபின் எப்படி வைப்பது? வீடு மதுரையில், கோடையை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: பழையடின்

வட்ட டின் என்றால் மூடியின் நடுப்பகுதி சற்றே உள்வாங்கி இருக்க வேண்டும். கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். டிக்கென்று அசைந்தால் வெற்றிடம் போய்விட்டது. அசையாவிட்டால் நல்லது. அடுத்து எடை. டென்மார்க் டின்னும் அதே அளவு, அதே தகடு என்றால் இரண்டையும் சமையல் தராசில் வையுங்கள். பழையது ஐந்தாறு கிராம் குறைந்தால் ஈரம் வெளியேறியிருக்கிறது. பிறகு விளிம்பு மடிப்பிலும் அடியிலும் துரு. மேலோட்டமான செந்தூள் பரவாயில்லை, ஊசிமுனை அளவுக் கரும்புள்ளி இருந்தால் அது உள்ளிருந்து வந்த ஓட்டை. குலுக்கிப் பாருங்கள்: பதமான இலை மந்தமாக நகரும், காய்ந்தது சரசரக்கும். இந்த நான்கையும் செய்ய விடாத விற்பனையாளரிடம் ஆறு மடங்கு கொடுக்காதீர்கள்.

பிரிக்கும்போது மூடி விளிம்புக்குக் கீழ் ஒரு நாணயத்தை நுழைத்துத் திருகினால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். இலை மேல் மினுமினுப்பான பொடி தெரிந்தால் பதறாமல் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கற்கண்டுத் துகள் போலக் கோணமாக மின்னினால் படிகம், கவலை இல்லை. பஞ்சு போல நூல் நூலாக, ஈரச்சுவர் வாடையோடு இருந்தால் பூஞ்சணம். டின் முழுவதையும் போட்டுவிட வேண்டும், மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

காய்ந்திருந்தால் எடை போட்டுக்கொண்டு ஈரமாக்குங்கள். 50 கிராம் அடைத்தது 44 கிராம்தான் நிற்கிறது என்றால், அடைத்தபோது ஈரம் 18 சதவீதம் என்று வைத்தால் உலர் இலை 41 கிராம். 13 சதவீத ஈரத்துக்கு 47 கிராம் வர வேண்டும். ஆக 3 மில்லி தண்ணீர். காய்ச்சி வடித்த தண்ணீரை நாளைக்கு 1 மில்லி வீதம் தெளித்து, ஜாடியில் மூடிவைத்துக் குலுக்கி, மூன்று நாளில் முடியுங்கள். ஒரே நாளில் ஊற்றினால் மேல் இலை கொழகொழத்து அடியில் சருகாகவே கிடக்கும், பூஞ்சணத்துக்கும் அதுதான் அழைப்பு. இரு விரலால் கிள்ளி விட்டால் மெதுவாக விரிய வேண்டும், அதுதான் பதம். ஈர உருளைக்கிழங்கு, ஆப்பிள் துண்டு போடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

பதில்: சுங்கான்

வைக்கும் விதத்தை நான் சொல்கிறேன். தட்டையான மூடியும் திருகு வளையமும் தனித்தனியாக வரும் கண்ணாடி மேசன் ஜாடி. 50 கிராமுக்கு கால் லிட்டர் அளவு போதும். கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மூடிய ஜாடியைக் கொதிநீரில் போடும் யோசனை வேண்டாம், உள்ளே இலை வெந்துவிடும். ஜிப் கவரில் சில மாதத்தில் ஈரம் கசிந்துவிடும். தேவதாரு மரப்பெட்டி சுருட்டுக்குச் சரி, இதற்கு மர வாடைதான் மிஞ்சும்.

மதுரைக்கு: மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் வர்ஜீனியா கறுத்துச் சுவை தட்டையாகிவிடும். நடு அறை பீரோவின் அடித்தட்டு நல்லது. ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே நீர் கோக்கும்.

ஜாடியில் பெயர் மட்டும் எழுதினால் போதாது. "965, டென்மார்க், டன்ஹில் லேபிள், ஜாடியில் போட்ட தேதி" என்று முழுக்க எழுதுங்கள். எந்த ஆலை, எந்தக் காலம் என்பது டின்னோடு போய்விட்டால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

பதில்: பெரீக்

வாங்குவதைப் பற்றிக் கேட்டீர்களே: லடாக்கியா கலவைக்குப் பழமைக்காக ஆறு மடங்கு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே பணத்துக்கு பீட்டர்சன் டின் ஆறு வரும். ஒன்றைத் திறந்துகொண்டு ஐந்தை மூடிவையுங்கள். பழைய டின்னுக்குப் பணம் போடுவதாக இருந்தால் சுத்தமான வர்ஜீனியா அல்லது வர்ஜீனியா-பெரீக் டின்னுக்குப் போடுங்கள், அங்கே வருடங்கள் வேலை செய்திருக்கும். செவ்வக ஃபிளேக் (அழுத்தித் தகடாக வெட்டிய இலை) டின்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வட்ட டின்னைவிட அவற்றின் மூடி சீக்கிரம் தளரும். கெண்டல் ஃபிளேக் பல சமயம் ஈரம் கூடியே வரும், ஜாடிக்கு மாற்றுமுன் தாளில் பரப்பி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.