கமாடிட்டி ஒப்பந்தங்களுக்குக் கட்டும் மார்ஜின், பணப்புழக்க அறிக்கையில் எந்தத் தலைப்பில் வரும்?

கேள்வி:
எங்கள் நிறுவனம் செம்புக் கம்பி தயாரிக்கிறது. ஆறு மாதம் கழித்து வாங்கவிருக்கும் செம்பின் விலையை உறுதிசெய்துகொள்ள ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் எடுத்து, ஹெட்ஜ் கணக்கியலையும் (ஒப்பந்தத்தின் லாப நஷ்டத்தை, அது பாதுகாக்கும் கொள்முதலோடு இணைத்துக் காட்டும் முறை) பின்பற்றி வருகிறோம். விலை இறங்கியதால், நிதியாண்டின் கடைசி இரண்டு வாரங்களில் தரகரிடமிருந்து அடுத்தடுத்து மார்ஜின் கால் (கூடுதல் பணம் கட்டச் சொல்லும் கோரிக்கை) வந்தது. பெரிய தொகையைக் கட்டினோம். அது இருப்புநிலைக் குறிப்பில் ‘பிற நிதிச் சொத்துகள்’ என்று நிற்பதால், முதலீட்டு நடவடிக்கைகளில்தான் காட்ட வேண்டும் என்கிறார் நிதி மேலாளர். மூலப்பொருளுக்காகவே கட்டிய பணம் அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) என்ன சொல்கிறது?

பதில் 1:
அவற்றில் பணப்புழக்க அறிக்கைக்கான தரநிலையான ஐஏஎஸ் 7-இன் 16ஆம் பத்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். ஃபியூச்சர்ஸ், ஃபார்வர்டு, ஆப்ஷன், ஸ்வாப் ஆகியவற்றுக்கான பணம் முதலீட்டு நடவடிக்கைகளின் பட்டியலில் இருப்பது உண்மைதான். வணிக நோக்கில் வைத்திருப்பவையும் நிதியளிப்பில் சேர்பவையும் மட்டும் அதற்கு விலக்கு. ஆனால், ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு (உங்கள் விஷயத்தில் செம்புக் கொள்முதலுக்கு) ஹெட்ஜாகக் கணக்கிடப்பட்டால், அந்த நிலைக்குரிய பணம் எந்தத் தலைப்பில் வருகிறதோ அதே தலைப்பில்தான் ஒப்பந்தத்தின் பணமும் வர வேண்டும் என்று அந்தப் பத்தி முடிகிறது. செம்பு வாங்குவது செயல்பாட்டு நடவடிக்கை. இருப்புநிலைக் குறிப்பின் தலைப்பு இதைத் தீர்மானிப்பதில்லை.

பதில் 2:
முடிவு சரியாக இருக்கலாம், ஆனால் முதலில் கிளியரிங் விதிகளை (ஒப்பந்தங்களைத் தீர்ப்பதற்கான விதிகள்) பாருங்கள். வேரியேஷன் மார்ஜின், அதாவது விலை மாற்றத்துக்கு ஏற்பக் கட்டும் மார்ஜின், சில இடங்களில் அன்றாடத் தீர்வு. கட்டியதும் அன்றைய நஷ்டம் தீர்ந்துவிடுகிறது. வேறு இடங்களில் அது பிணைத்தொகை. டெரிவேட்டிவ் (இங்கே ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம்) அப்படியே நிற்க, பணம் வைப்பாக இருக்கும். ஒப்பந்த விலை 100, சந்தை விலை 80, நீங்கள் கட்டியது 20, ஒப்பந்தம் டெலிவரியில் முடிகிறது என்று கொள்வோம். தீர்வு முறையில் டெலிவரியின்போது 80 கொடுப்பீர்கள். பிணை முறையில் 100 கொடுத்துவிட்டு 20-ஐத் திரும்பப் பெறுவீர்கள். மொத்தம் ஒன்றுதான்; ஆனால் பிணையை முதலீட்டில் காட்டினால், இந்த ஆண்டு முதலீட்டில் 20 வெளியேறி, அடுத்த ஆண்டு செயல்பாட்டில் முழு 100 வெளியேறியதாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
ஒப்பந்தத்தைப் பார்த்தேன். கட்டிய தொகைக்கு வட்டி உண்டு, ஒப்பந்தம் முடியும்போது திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படியானால் பிணைதானே?

பதில் 3:
ஆம், பிணை. இங்கேதான் உண்மையான சிக்கல்: 16ஆம் பத்தி ஒப்பந்தத்துக்கான பணத்தைப் பேசுகிறதே தவிர, பிணையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் அதைத் தனி வைப்பாகக் கருதி முதலீட்டில் காட்டுவோர் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. என் கருத்து செயல்பாட்டு நடவடிக்கையின் பக்கமே: அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்தப் பணம் நகர்ந்தே இருக்காது, ஒப்பந்தமோ செம்புக்காக எடுத்தது. எந்த முறையை எடுத்தாலும், கட்டும்போதும் திரும்பப் பெறும்போதும் தலைப்பு மாறக் கூடாது. தொகை பெரிதென்பதால் கொள்கைக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். தரகரிடம் பிணையாக நிற்கும் பணத்தை ரொக்கத்துக்குச் சமமானவற்றில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்; குறுகியகாலக் கடமைகளைத் தீர்ப்பதற்காக அதை வைத்திருக்கவில்லை. ஹெட்ஜ் கணக்கியலை இடையில் நிறுத்தினால், அதற்குப் பிந்தைய மார்ஜினுக்கு 16ஆம் பத்தியின் அந்தக் கடைசி வரி பொருந்தாது. அந்தத் தேதியை இப்போதே குறித்துவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.