தேன்கூடு வலைக்குள் பூ வடிவம் கலக்கிறது, எப்படித் தடுப்பது?

எஸ்டிஎம் (பரப்பில் உள்ள மூலக்கூறுகளை நுண்ணிய ஊசிமுனையால் படமெடுக்கும் நுண்ணோக்கி) கையாளுபவர்கள் கொஞ்சம் பாருங்கள். ட்ரைமெசிக் அமிலத்தை, கரைப்பானான நோனனாயிக் அமிலத்தில் நிறைவுறக் கரைத்து, டேப் ஒட்டி அப்போதுதான் உரித்த கிராஃபைட்டில் ஒரு சொட்டு. முனை திரவத்துக்குள்ளேயே இருக்கிறது. படத்தில் மூலக்கூறுகள் சுமார் 1.7 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கிய தேன்கூடு வலை மட்டும் வர வேண்டும். நடுநடுவே பூ வடிவத் திட்டுகள். கரைப்பான் ஹெப்டனாயிக் அமிலமாக இருந்தால் ஆச்சரியமில்லை, அதில் இரண்டுமே வரும்.

சந்தேகம், கரைக்கப் பயன்படுத்திய அல்ட்ராசோனிக் (மீயொலி) தொட்டி மேல்தான். 30 நிமிடம் வைத்ததில் செறிவு ஏறியிருக்கலாம். செறிவு ஏறினால் மூலக்கூறுகள் நெருக்கமான அடுக்குக்கு, அதாவது பூ வடிவத்துக்கு, மாறும். தொட்டி நீரும் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

அல்ட்ராசோனிக்கே இல்லாமல் காந்தக் கலக்கி போதுமா? ஓர் இரவு வைத்து, தெளிந்த மேல்திரவத்தை 0.2 மைக்ரான் வடிகட்டியில் இறக்கலாமா, இல்லை நேராகப் பாதியாக நீர்க்கச் செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.