புதுப்பிப்பு: 9.5 மி.மீ. சுருளில் இருப்பவர் லாரி சீமன்

பிரான்ஸிலிருந்து வாங்கிய பாத்தே பேபி (வீட்டில் படம் காட்ட வந்த பழைய 9.5 மி.மீ. பிலிம் வகை) சுருளில் வரும் வெள்ளைப் பூச்சு முகக்காரர் யார் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"எழுத்து அட்டையில் (மௌனப் படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்துப் பிரேம்) உள்ள பெயரைப் பாருங்கள், பிரெஞ்சுக்காரர்கள் எல்லா நகைச்சுவை நடிகருக்கும் தனிப்பெயர் வைத்துவிடுவார்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அட்டையில் இருப்பது 'ஸிகோட்டோ'. பிரான்ஸில் அமெரிக்க மௌனப் பட நகைச்சுவை நடிகர் லாரி சீமனுக்கு அதுதான் பெயர். இத்தாலிக்குப் போனால் இவரே ரிடோலினி. (எல்லோரும் மறந்தே போயிருந்த இன்னொரு அமெரிக்க நகைச்சுவை நடிகர் சார்லி பவர்ஸும், பிரான்ஸின் துலூஸ் நகரில் 'பிரிகோலோ' என்ற பிரெஞ்சுப் பெயரிட்ட சுருள்கள் கிடைத்த பிறகுதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார்.) சுருளில் வருவது மரம் அறுக்கும் ஆலை, மேஸ்திரியாக ஆலிவர் ஹார்டி, அதுவும் 'லாரல் அண்ட் ஹார்டி' என்று லாரலோடு ஜோடி சேர்வதற்கு முன்! ஆகவே படம் 1922இல் வந்த 'த சாமில்' (மர அறுவை ஆலை).

எதிர்பாராத ஒன்று: ஸ்கேன் செய்தபோது அட்டைகள் கண் இமைப்பதற்குள் ஓடிவிட்டன. பிலிமில் சேதம் எதுவும் இல்லை. பிலிமை மிச்சம் பிடிக்க, அட்டைக்கு ஓரிரு பிரேம் மட்டும் அச்சிட்டு ஓரத்தில் சின்ன வெட்டு போட்டிருப்பார்கள். அந்தக் காலப் புரொஜெக்டர் அந்த வெட்டைக் கண்டதும் சில நொடி நிறுத்திக் காட்டும். ஸ்கேனருக்கு அது புரியாது. மென்பொருளில் அந்தப் பிரேம்களை மட்டும் நீட்டிவிட்டேன், இப்போது படிக்க முடிகிறது.