லேசர் பிரிண்டரில் வலது ஓரம் மட்டும் டோனர் உதிர்கிறது

வீட்டுக்கும் எங்கள் சதுரங்க மன்றத்துக்கும் சேர்த்து ஒரு சின்ன கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வைத்திருக்கிறோம், ஊர் திருநெல்வேலி. டிரம்மும் டோனரும் தனித்தனியாக வரும் மாடல், வாரன்டி முடிந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை: 160 ஜிஎஸ்எம் அட்டையில் சான்றிதழ் அடித்தால் வலது ஓரத்தில் எழுத்து ஒட்டுவதில்லை. கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தாலே பெயரின் கடைசி எழுத்துகள் கரியாக விரலோடு வந்துவிடுகின்றன, இடது பக்கமோ நகத்தால் சுரண்டினாலும் அசையாது. ஸ்கோர் ஷீட் அடிக்கும் 75 ஜிஎஸ்எம் தாளில் பிரச்சினையே இல்லை.

டிரைவரில் தடிமனான தாள் என்று மாற்றினேன், வேகம் குறைந்தது, அவ்வளவுதான். பின்மூடியைத் திறந்து அட்டையை நேராக வெளியே வரவிட்டும் பார்த்தாயிற்று, உள்ளே தபால் கவர் அடிப்பதற்கென்று இருக்கும் இரண்டு லீவர்களும் வழக்கமான நிலையில்தான் இருக்கின்றன. டோனர் புதிது, ரீஃபில் இல்லை. யூபிஎஸ்ஸில் போடாமல் நேராகச் சுவர் பிளக்கில்தான் ஓடுகிறது. அப்புறம் கடையில் காட்டினால், டோனர் தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசரையே மாற்றச் சொல்கிறார்கள், அந்த விலைக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் புது பிரிண்டரே வந்துவிடும்.

இதே கோளாறு வந்த யாராவது, ஃபியூசர் முழுவதையும் மாற்றாமல் அதில் தாளை அழுத்தும் பிரஷர் ரோலரையோ அதன் ஸ்பிரிங்கையோ மட்டும் மாற்றிச் சரிசெய்திருக்கிறீர்களா?