தொட்டிக்கரி போட்டா சாயம் போகுது, ஆனா சிஓடி ஏறுது. ஏன்? உதவி பண்ணுங்க

நொய்யல்கரை:
வணக்கம். எம்எஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருஷம், ப்ராஜெக்ட்ல ரெண்டு மாசமா அப்படியே நிக்குது. திருப்பூர் சாயக்கழிவு நொய்யல் ஆத்துல கலந்து ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி விவசாயத்துக்கு ஆகாம போனதப் பாத்து வளந்தவ நான், அதனால சாயக்கழிவ விட்டு வேற டாபிக் எடுக்க மனசு வரல.

தேங்காய் தொட்டிக்கரிய கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கலந்து நைட்ரஜன்ல 800 டிகிரில சூடாக்கி, நெறைய துளை விழுற மாதிரி ஆக்டிவேட் பண்ணேன். ரியாக்டிவ் பிளாக் 5 சாயம் லிட்டருக்கு 50 மில்லிகிராம், கரி 1 கிராம், ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மில்லிமோலார். ஒரு மணி நேரத்துல 95 சதவீதம் கலர் போயிடுச்சு, கரி கேட்டலிஸ்ட்டா, அதாவது பெராக்சைடு சாயத்த ஒடைக்கிறத வேகமாக்குற பொருளா, சூப்பரா வேலை செய்யுதுன்னு கைடுகிட்ட போய் சொல்லிட்டேன். அப்புறம் சிஓடி (தண்ணில இருக்கிற கழிவ ஆக்சிஜனேத்தம் பண்ண எவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு காட்டுற அளவு) பாத்தா முதல்ல 60 இருந்தது 210 ஆயிருக்கு! அதே கரிய திரும்பப் போட்டா ரெண்டாவது தடவ 70 சதவீதம், நாலாவது தடவ 22 தான். கரி செத்துப்போச்சா, இல்ல டெஸ்ட்ல தப்பா?

லேப்அண்ணன்:
தங்கச்சி, முதல்ல சிஓடி. மிச்சம் இருக்கிற பெராக்சைடு சிஓடி டெஸ்ட்ல போடுற டைக்ரோமேட்ட தின்னும், அதுவும் சிஓடியாத்தான் காட்டும். 1 மில்லிகிராம் பெராக்சைடுக்கு ஏறக்குறைய 0.47 மில்லிகிராம் சிஓடி. 20 மில்லிமோலார்னா 680 மில்லிகிராம், அதுல பாதி மிஞ்சுனாலே 160 ஏறிடும், உனக்கு ஏறுனது 150, கணக்கு சரியா வருதா? மாங்கனீஸ் டை ஆக்சைடு கொஞ்சம் போட்டு பெராக்சைட முழுசா ஒடச்சு, வடிகட்டிட்டு அப்புறம் சிஓடி பண்ணு.

அடுத்தது முக்கியம். பெராக்சைடு போடாம வெறும் கரிய மட்டும் போட்டு ஒரு ரன் எடுத்தியா?

நொய்யல்கரை:
இல்லண்ணா, எடுக்கல.

லேப்அண்ணன்:
அத எடுக்காம கேட்டலிஸ்ட்டுன்னு எழுதக்கூடாதும்மா. கரி உறிஞ்சினாலும் கலர் போகும், ஒடச்சாலும் கலர் போகும், கலர் அளக்குற ஸ்பெக்ட்ரோல 597 நானோமீட்டர்ல பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். உறிஞ்சினதுன்னா சாயம் எங்கயும் போகல, தண்ணில இருந்து கரிக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். இந்த ஒரு ரன் இல்லாம நிறைய பேர் ரிசல்ட் எழுதிடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம்.

காங்கேயத்துக்காரன்:
அம்மணி, நான் கரி ஆலைல வேலை பாக்குறனுங்க, நாங்க நீராவி விட்டு 900 டிகிரிக்குப் பக்கம் வேக வைப்போம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கேஓஎச்ச நல்லா கழுவுனீங்களா? கழுவுன தண்ணியோட பிஎச் என்ன?

நொய்யல்கரை:
மூணு தடவ கழுவினேங்க. கடைசித் தண்ணி பிஎச் 10 வந்துச்சு, பரவால்லன்னு விட்டுட்டேன்.

காங்கேயத்துக்காரன்:
அது பத்தாதுங்க. பொட்டாசியம் உப்பு துளைக்குள்ளயே அடச்சுக்கிட்டு இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக்ல ஒருவாட்டி கழுவிட்டு, டிஸ்டில்டு தண்ணில பிஎச் 7 வர்ற வரைக்கும் விடாம கழுவுங்க, சலிப்பாத்தான் இருக்கும். கார பிஎச்ல பெராக்சைடு வெறும் தண்ணியும் ஆக்சிஜனுமா வேகமாப் பிரிஞ்சிரும், முட்டை முட்டையா கேஸ் வந்துச்சுங்களா?

நொய்யல்கரை:
ஆமாங்க, வந்துச்சு! வேலை நடக்குதுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்.

லேப்அண்ணன்:
அந்த கேஸ் ஆக்சிஜன். பெராக்சைடு வீணாகுதுன்னு அர்த்தம், சாயத்த ஒடைக்கிறது பெராக்சைடுல இருந்து வர்ற ஹைட்ராக்சில் ராடிகல்தான், அது ரொம்பக் கம்மியா வந்திருக்கும்.

(நாலு நாள் கழிச்சு)

நொய்யல்கரை:
அண்ணா, பிஎச் 7 வர்ற வரைக்கும் கழுவி, வெறும் கரி ரன் எடுத்தேன். பெராக்சைடு இல்லாமலே 88 சதவீதம் கலர் போச்சு. அந்தக் கரிய சோடியம் ஹைட்ராக்சைடுல ஊறப் போட்டா தண்ணி கருநீலமா மாறிடுச்சு, சாயம் அத்தனையும் உள்ளயேதான் உக்காந்திருந்திருக்கு. பாத்ததும் அழுகையே வந்துருச்சு.

லேப்அண்ணன்:
அழாத, இப்பத்தான் உன் ப்ராஜெக்ட் உருப்படியா ஆரம்பிக்குது. நாலாவது தடவ 22 ஆனதும் இதனாலதான், துளை நெறஞ்சுபோச்சு. இனி கரிய முதல்ல சாயத்துலயே போட்டு இதுக்கு மேல உறிஞ்சாதுங்கிற வரைக்கும் விடு, அப்புறம் பெராக்சைடு ஊத்து, அதுக்கப்புறம் கொறையுற கலர்தான் கேட்டலிஸ்ட் வேலை. அது ரொம்பக் கம்மியா வந்தா கரில இரும்பு ஏத்திப் பாரு, பிஎச் 3 பக்கம் வச்சுக்கோ. ஆனா வடிகட்டுன தண்ணில பினாந்த்ரோலின் (இரும்போட சேந்து கலர் குடுக்குற கெமிக்கல்) போட்டு 510 நானோமீட்டர்ல இரும்பு அளந்துரு, இரும்பு கழண்டு வந்து செஞ்ச வேலைன்னா அது தண்ணில கரைஞ்ச இரும்பும் பெராக்சைடும் சேந்து நடத்துற சாதாரண ஃபென்டன் ரியாக்ஷன், கரிக்குப் பேரு குடுக்க முடியாது.

காங்கேயத்துக்காரன்:
அப்படியே சாயப்பட்டறைத் தண்ணிலயும் பாருங்க அம்மணி, அதுல உப்பு நெறைய இருக்கும், உப்புல இருக்கிற குளோரைடு அந்த ஹைட்ராக்சில் ராடிகல புடிச்சுக்கும்னு எங்க லேப்ல சொல்லுவாங்க.

நொய்யல்கரை:
சரிங்கண்ணா. இன்னிக்கு சாயங்காலம் கரிய சாயத்துல ஊறப் போட்டுட்டேன். கைடுகிட்ட பழைய ரிசல்ட் தப்புன்னு நாளைக்கு நானே போய் சொல்லிடுறேன், நம்பர் வந்ததும் இங்கயே போடுறேன்.